அக்காவுக்கு ஏறிய ஒரு கிலோ

மெரினாக் கடல் இரண்டாகப் பிளந்திருந்தால்கூட நான் இவ்வளவு திகைத்திருக்க மாட்டேன். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு அரை டம்ளர் கஞ்சியைக்கூட வாந்தியெடுக்கும் என் அக்காவுக்கு இன்று ஆஸ்பத்திரியில் எடை ஒரு கிலோ ஏறியிருந்தது.

நர்ஸ் மகிழ்ந்தார். எனக்குச் சந்தேகம். அக்கா பட்டினப்பாக்கத்தில் முப்பது வருடம் மீன் விற்றவள். அவள் முறைத்தால் தராசே தலையாட்டும்.

எடை இன்னும் குறைந்தால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று போன முறை டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவளுக்கு அதே கவலை.

"அக்கா, இடுப்புல இன்னா கீது?"

"ஒண்ணுமில்ல. கம்முனு கெட."

"எடைய வச்சிதான் மருந்தே அளந்து போடுறாங்க. அதிகமாயிட்டா நீதான தாங்கணும்?"

அக்கா என்னை முறைத்தபடியே இடுப்பில் கையை விட்டாள். பிறகு புடவை மடிப்பிலிருந்து இரண்டு கிலோ இரும்பு எடைக்கல் வெளியே வந்தது. கோட்டைச் சுவரையே பெயர்த்து வைத்ததுபோல் வார்டே எட்டிப் பார்த்தது.

மறுபடி நிறுத்தார்கள். உண்மையில் போன முறையைவிட ஒரு கிலோ குறைவு. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார்.

"எடை கொறஞ்சிருந்தாலும் ரத்தம் நல்லா இருக்கும்மா. இன்னிக்கே போட்டுடலாம். வாந்திக்கு வேற மாத்திரை தரேன்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் இத்த தூக்கினு வரப்போறேன்?" என்று டாக்டரையே அதட்டினாள்.

இப்போது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டு நோயாளிக்கும் திடீரென்று எடை கூடியிருந்தால், இனிப்பு வாங்கும் முன் இடுப்பைத் தடவிப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று கீழே எழுதுங்கள்.