பாதி மீன்

வெள்ளிக்கிழமை லீவு என்றால் மற்றவர்கள் ரூமில் சீட்டாடுவார்கள். நான் பைனாகுலரோடு படகேறிவிடுவேன். எழுபதுகளில் துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் எனக்கு டிராஃப்ட்ஸ்மேன் வேலை. வடக்கே ஆளில்லாத ஒரு தீவில், வெறும் தரையில் விராலடிப்பான் கூடு கட்டியிருந்தது. மீன் பிடிக்கும் பருந்து அது. குளிர் விடும் நேரம். கூட்டில் இரண்டு குஞ்சுகள்.

அன்று கூட்டருகே கிடந்த மீன் என்னை உறுத்தியது. பாதிதான் இருந்தது. வெட்டு நேராக, கத்தி போட்டதுபோல் இருந்தது. பருந்துக்கு ஏது கத்தி? குஞ்சுகளைத் திருடி, வேட்டைக்குப் பழக்கும் அரபிகளிடம் விற்க எவனோ வந்திருக்கிறான் என்று நினைத்தேன். என்னைக் கூட்டிவந்த படகோட்டி, பலுசிஸ்தான்காரர், அவர் மேலேயே சந்தேகம் வந்தது. "கோயி மாஃபி, பாய்," இங்கே யாருமில்லை என்று அவர் சாதித்ததை நான் நம்பவில்லை.

பாறைக்குப் பின்னால் கல் உருண்டது.

"யார்ரா அது? வெளிய வாடா!" கோபத்தில் தமிழ்தான் வந்தது.

உதடு வெடித்த ஒருவன் கைகூப்பியபடி எழுந்தான். "அண்ணே, தமிழா? கையில பைனாகுலரப் பாத்து போலீசுன்னு பயந்துட்டேன். திருட்டுத்தனமா கடல்ல ஏத்திட்டு வந்த லாஞ்சிக்காரன் இதான் துபாய்னு எறக்கி விட்டுட்டுப் போயிட்டாண்ணே."

"மீன நீதான் எடுத்தியா?"

தலை குனிந்தான். "பசி தாங்கலண்ணே. கத்தியால வெட்டி, குஞ்சுக்குப் பாதிய வச்சிட்டுத்தான் எடுத்தேன்."

படகோட்டி தன் தண்ணீர் கேனை அவனிடம் நீட்டினார். மூவருமாகக் கரை திரும்பினோம்.

இப்போதும் பறவை பார்க்கப் போகிறேன். ஆனால் பைனாகுலரை முதலில் பாறைகளின் பக்கம்தான் திருப்புகிறேன்.