காலி காம்பராவுக்குள் ஓர் இலத்திரன்

போன செவ்வாய்க்கிழமை சரண்யா என் மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்தாள். "கையெழுத்துப் போடுங்க டீச்சர். நான் ஆர்ட்ஸுக்கு மாறுறேன்."

உயர்தர வகுப்புக்கு நான் இரசாயனம் படிப்பிக்கிறேன். அணுவுக்குள் எந்த இலத்திரன் எங்கே இருக்கும் என்கிற 'இலத்திரன் நிலையமைப்பு' தொடங்கியதிலிருந்தே இவள் முகத்தில் சிரிப்பில்லை. பிரிவு மாற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். கெட்டிக்காரப் பிள்ளை... இவளைப் போய் விட்டுவிடுவதா?

"ஏன்டி?"

"மண்டையில ஏற மாட்டேங்குது டீச்சர்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரே விதியை மூன்று தடவை கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்! "வெள்ளிக்கிழமை பாப்போம், போ" என்று கடிதத்தை மேசை லாச்சிக்குள் தள்ளினேன்.

மறுநாள் தூறல் விட்டதும் எல்லோரையும் நெட்போல் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சோக்கால் ஐந்து கட்டம் கீறினேன் — கீழே ஒன்று, அதற்கு மேலே ஒன்று, உச்சியில் வரிசையாக மூன்று. கட்டம்தான் அறை, பிள்ளைகள்தான் இலத்திரன். கீழிருந்து நிரப்ப வேண்டும். ஓர் அறைக்கு இரண்டு பேர்தான். உச்சி வரிசையில் மட்டும் முதலில் ஆளுக்கோர் அறை; மூன்றிலும் ஆள் வந்த பிறகுதான் ஜோடி சேரலாம். விசில் ஊதினால் ஒருவர் போக வேண்டும்.

கீழ் அறைகள் இரண்டும் நாலு பேரோடு நிரம்பின. ஐந்தாவதாகப் போன ஜெனிபர் உச்சி வரிசையின் முதல் அறையில் நின்றாள். ஆறாவது சரண்யா. நேரே போய் ஜெனிபரோடு ஒட்டிக்கொண்டாள்!

"அடியே, பக்கத்துல ரெண்டு ரூம் காலியாத்தானே கெடக்கு?"

"காலியா கெடந்தா கேக்காம போயிரலாமா டீச்சர்? தோட்டத்து ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஏச மாட்டாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் ஆமாம் என்று ஆடியது.

சரண்யா விடவில்லை. "எங்க லயத்துக் காம்பரா ஒரே ரூம்தான், அதுல எட்டுப் பேரு. பக்கத்துக் காம்பரா பூட்டியே கெடக்கு. எங்க மாமாவும் எத்தன தடவ தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டுட்டாரு..."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தானே? டவுனில் இரண்டு அறை வீட்டுக்குக் குடிபோனதும் எல்லாம் மறந்துவிடுமா? காலி அறைக்குள் கேட்காமல் போகலாம் என்று எங்கள் பிள்ளைகளுக்கு இதுவரை யார் சொன்னது? வெறும் விதியை எழுதிப் போட்டால் எப்படி ஏறும்?

"இங்க தொரையும் இல்ல, ஆபீஸும் இல்ல" என்றேன். "ரெண்டு இலத்திரன் ஒரே ரூம்ல இருந்தா ஒண்ண ஒண்ணு தள்ளும். அதான் தனித்தனியாப் போகுது."

"நெருக்கடின்னா தள்ளத்தானே செய்யும்? அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

தாவிப் பக்கத்துக் கட்டத்துக்குள் குதித்தாள். இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றாள். ஏழாவது பிள்ளை கடைசி அறைக்குப் போனதும் ஏழு இலத்திரனோடு நைதரசன் அணு தயார். எட்டாவதாக வந்தவள் சரண்யாவின் கட்டத்தில் காலை வைத்தாள்.

"ஏய், ஜெனிபர் ரூமுக்குப் போ! நான் கொஞ்ச நேரம் தனியா நிக்கிறேன்."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என்ன பிள்ளையம்மா இவள்!

வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து நின்றாள். "டீச்சர், அந்த லெட்டர்..."

மனசு விட்டுப்போயிற்று. லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிடித்து வைக்கவா முடியும்?

தாளைத் திருப்பினாள். என் மேசையிலேயே குனிந்து பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கீறினாள், இலத்திரனுக்கு ஒன்றாக அம்புக்குறிகளைப் போட்டாள்.

"இரும்பு அணு போட்டுருக்கேன். சரியான்னு பாருங்க."

இருபத்தாறு இலத்திரனும் அதனதன் அறையில் இருந்தன. அதுவும் பேனையால் எழுதிவிட்டாள்... இனி அந்தக் கடிதத்தை எந்த ஆபீஸ் வாங்கும்?