மேகத்தை விரட்டாத காத்தாடி

1. போரும் அமைதியும் அளவோடு

போர் நல்லதா, கெட்டதா என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைப் பேசவிட்டேன். நாற்பது நிமிடம் இரு அணிகளும் தொண்டை கிழியப் பேசின. கடைசியில் நடுவராக இருந்த பையன் எழுந்தான். வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து தோளில் போட்டிருந்தான். "ரெண்டு அணியுமே அருமையா பேசுனாக. அதனால போரும் வேணும், அமைதியும் வேணும். ரெண்டும் அளவோட இருந்தா வீடு நல்லாருக்கும்" என்று தீர்ப்பு சொன்னான். வகுப்பே கைதட்டியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

நான் பொருளியல் ஆசிரியை. உத்தமபாளையத்துக்காரி. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடும் ஊரில் பிறந்துவிட்டு, பணிக்காலத்தின் கடைசி நான்கு வருடங்களை ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கழித்தேன். அங்கே குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதே பெண்களுக்குப் பாதிநேர வேலை.

ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. உலகப் பிரச்சினைகளைப் பல கோணங்களில் ஆராயும் திறனை மாணவர்களிடம் வளர்த்து, வளர்த்த விவரத்தை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். உலகத்தில் அவர் பயப்படுவது இரண்டுக்குத்தான்: ஆய்வுக்கு வரும் அதிகாரி, கூட்டமாக வரும் பெற்றோர். சுற்றறிக்கையை என் கையில் கொடுத்து, "டீச்சர், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். நீங்கதான் நல்லா பேசுவீங்க" என்றார். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கோணம் என்றால் பட்டிமன்றம். ஒருவனிடம் தலைப்பைக் கொடுத்தால் முதலில் அவன் தேடுவது ஆதாரத்தை இல்லை, ஜோக்கை. அடுத்து ஒரு சினிமாப் பாட்டு. பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச வந்த ஒரு பையன், மாமியார் மருமகள் ஜோக் சொல்லிப் பரிசு வாங்கினான். சிரித்ததில் நானும் ஒருத்தி.

2. கட்சி மாறுதல்

நானாக ஒரு விதி கொண்டுவந்தேன். பாதி நேரம் முடிந்ததும் அணிகள் மாற வேண்டும். ஆதரித்துப் பேசியவன் எதிர்த்துப் பேச வேண்டும், எதிர்த்தவன் ஆதரிக்க வேண்டும். எதிராளி என்ன சொல்வான் என்று யோசிக்காமல் எவனும் வாயைத் திறக்க முடியாது என்பது என் கணக்கு.

வகுப்பில் கலவரமே வந்துவிட்டது.

"கட்சி மாற மாட்டோம் டீச்சர். மானம் போயிரும்" என்றான் தினேஷ். கடைசி பெஞ்ச், நல்ல வாய்க்காரன்.

"பெரிய பெரிய ஆளுகளே மாறுறாகளேப்பா?"

"அவுகளுக்கு ஏதாச்சும் கெடைக்கும். எங்களுக்கு என்ன கெடைக்கும்?"

"அக மதிப்பீட்டுல அஞ்சு மார்க்."

மறுபேச்சு இல்லாமல் அத்தனை பேரும் மாறினார்கள். இவ்வளவு மலிவாகப் போய்விட்டார்களே என்று எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

அடுத்த வாரத் தலைப்பு: காற்றாலை, சூடாகும் உலகத்துக்கு மருந்தா? எங்கள் பள்ளி ஜன்னலிலிருந்து பார்த்தாலே ஏழெட்டுக் காத்தாடிகள் தெரியும். மேலும் சில வரப்போவதாகப் பேச்சு இருந்தது. ஊரில் அதற்குப் பெரிய எதிர்ப்பு. காத்தாடி சுற்றிச் சுற்றி மேகத்தை விரட்டிவிடுகிறது, அதனால்தான் மழை இல்லை என்று டீக்கடை முதல் ரேஷன் கடை வரை எல்லோரும் சொன்னார்கள். ஊர்க்காரர்களை வேனில் ஏற்றிப் போய் மனு கொடுத்து எதிர்ப்பை நடத்தியவர் செல்லப்பாண்டி. அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு ஆட்டுக்கிடை, அடுத்த தேர்தலில் ஊராட்சித் தலைவராகும் ஆசை. அவர் மகள் பவித்ரா என் வகுப்பு.

இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் தேடி வாருங்கள் என்று ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தேன். சீட்டுக் குலுக்கியதில் பவித்ராவுக்கு முதல் பாதி காத்தாடியை ஆதரிக்கும் அணி. காத்தாடிக்கு நிலம் கொடுத்து வருடா வருடம் வாடகை வாங்கும் வீட்டுப் பிள்ளையான தினேஷுக்கு எதிர்ப்பு அணி. அவன் கைகளைக் காத்தாடி மாதிரிச் சுற்றி, மேகம் அலறி ஓடுவதை நடித்தே காட்டினான். சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து பவித்ரா எழுந்தாள்.

"காத்தாடி வாரதுக்கு முன்னாடியும் இங்கன பஞ்சம் வந்திருக்கு. அந்தப் பஞ்சத்துல மேகத்த வெரட்டுனது யாரு? தினேஷா?"

வகுப்பு ஓவென்று கத்தியது.

பிறகு அணி மாறினார்கள். இந்த முறை பவித்ரா காத்தாடியை எதிர்த்தாள். ரெக்கை ஏற்றி வந்த நீள லாரிகளுக்காக மண் கொட்டிப் போட்ட ரோடு, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடையை அடைத்துவிட்டது என்றாள். தோழிகளோடு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பெய்கிற கொஞ்ச மழையும் கண்மாய்க்கு வராமல் ரோட்டோரத்தில் தேங்கி வீணாகிறது என்றாள். "நெலம் குடுத்தவுகளுக்கு வாடகை. நெலம் இல்லாதவுகளுக்கு என்ன? உலகம் குளுந்து போகணும்னா எங்க ஆடு மட்டுந்தான் தண்ணியில்லாமக் கெடக்கணுமா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை.

3. ஹெச்.எம். அறையில்

திங்கட்கிழமை முதல் பீரியடில் தலைமையாசிரியரே வகுப்பு வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், உங்க உலகப் பிரச்சினை என் ரூமுக்கு வந்திருக்கு. உடனே வாங்க."

செல்லப்பாண்டி உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். போனை மேஜைமேல் வைத்து ஓடவிட்டார். பவித்ரா பேசிய முதல் பாதி. 'மேகத்த வெரட்டுனது யாரு?' என்ற இடத்தோடு வெட்டி, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள். காத்தாடிக் கம்பெனிக்காரன் செல்லப்பாண்டியின் வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்துவிட்டான் என்று கீழே எழுதியிருந்தது. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள்.

"எம்மகள வச்சே என்னைய அசிங்கப்படுத்திட்டீகள்ல? டி.சி. குடுங்க. வேற எங்கனயாச்சும் சேத்துக்கிடுறேன். இல்லாட்டி வீட்டுல கெடக்கட்டும்."

வருட நடுவில் எந்தப் பள்ளியும் பிளஸ் ஒன் பிள்ளையைச் சுலபமாகச் சேர்த்துக்கொள்ளாது. 'வேற எங்கனயாச்சும்' என்பது வெறும் பேச்சு. 'வீட்டுல கெடக்கட்டும்' என்பதுதான் நடக்கும். வகுப்பில் தானாக யோசிக்கத் தெரிந்த ஒரே பிள்ளையை, யோசித்த குற்றத்துக்காக நானே வீட்டுக்கு அனுப்பப் போகிறேன்.

"அவ ரெண்டாவது பாதியில உங்க பக்கந்தான் பேசுனா. உங்களவிட நல்லாவே பேசுனா" என்றேன்.

"அதுக்கு வீடியோ இருக்கா?"

இல்லை. யாரும் சிரிக்காத பேச்சை எவன் வீடியோ எடுப்பான்?

தலைமையாசிரியர் அப்போதுதான் விழித்துக்கொண்டவர்போல, "ஆமா, ஸ்கூலுக்குள்ள போன் எப்படி வந்துச்சு?" என்றார். அவர் கவலை அவருக்கு.

பவித்ராவைக் கூப்பிட்டார்கள். வரும்போதே முகம் வெளுத்திருந்தது. வாசலுக்கு உள்ளே ஓரடி வைத்து நின்றாள்.

"ஏத்தா, டீச்சர் சொல்லிக் குடுத்துத்தான அப்பிடிப் பேசுன?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நானாத்தான் பேசுனேன். ஓடையப் பத்தியும் நானாத்தான் பேசுனேன். நீங்க மேகத்த விட்டுட்டு ஓடையச் சொல்லுங்கப்பா. மனுவுல மேகம்னு எழுதுனா கலெக்டர் ஆபீசுல சிரிக்கிறாக. சிரிச்சிட்டு மிச்சத்தப் படிக்கவே மாட்டேங்குறாக."

செல்லப்பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"காத்தாடி மேகத்த வெரட்டாதுன்னு எனக்குத் தெரியாதாத்தா? நான் என்ன கூமுட்டையா? ஓடைன்னு சொன்னா ஓடைப் பக்கம் நெலம் இருக்கிற நாலு பேருதான் வருவான். மேகம்னு சொன்னாத்தான் ஊரே வண்டியேறி வரும்."

வந்த நாளிலிருந்து இந்த ஊர் பேசுவதை அறியாமை என்று நினைத்து, ஆதாரம், ஆதாரம் என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். இந்த மனிதரோ தெரிந்தே சொல்லியிருக்கிறார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பவித்ராவுக்குத் தெரிந்தது.

"எம்பேச்சுல பாதிய வெட்டிப் போட்டதுக்கு டி.சி. கேட்டு வந்துட்டீகளேப்பா. ஊருக்கு நீங்க பாதிய மறைச்சது தெரிஞ்சா, உங்ககிட்ட அவுக என்ன கேப்பாக?"

அடி விழும் என்று நினைத்து நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவர் அடிக்கவில்லை. போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டி.சி. இருக்கட்டும் சார்" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, மகளைப் பார்க்காமல் வெளியே போனார். இருக்கட்டும் என்றால் வேண்டாமா, பிறகு பார்க்கலாமா என்று எங்கள் மூவருக்குமே புரியவில்லை.

4. அடுத்த திங்கட்கிழமை

அந்த வாரம் முழுக்க, காலையில் பவித்ராவின் இடத்தைப் பார்த்த பிறகுதான் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். வந்தாள். ஆனால் வீட்டில் அப்பா பேசுவதில்லை என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை முதல் மணிக்கு முன்பே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். தேனியில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் நாளுக்கு அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாராம். மனுவில் மேகம் இல்லை, ஓடை மட்டும். போன தடவை இரண்டு வேன் நிறையப் போன கூட்டம் இந்தத் தடவை ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிட்டது.

அதிகாரி மனுவை முழுவதும் படித்திருக்கிறார். படித்துவிட்டு, "போன தடவை காத்தாடி மேகத்தை விரட்டுதுன்னு எழுதியிருந்தீங்களே, அது எங்க?" என்று கேட்டிருக்கிறார். கேலியாகத்தான்.

"அப்பா பின்னால திரும்பி ஊர்க்காரகளப் பாத்தாக டீச்சர். அப்பறம் சத்தமாவே சொன்னாக, 'அது பொய் சார். நாந்தான் சொன்னேன். ஓடை நெசம். வந்து பாருங்க'ன்னு. எல்லாரும் இருந்தாக டீச்சர். எங்க பெரியப்பாகூட இருந்தாக."

அப்பாவைத் திட்டுவதுபோலத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அழுதுவிட்டாள். நானும்தான். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, மறுபடி ஏதோ வினை என்று நினைத்து நழுவிவிட்டார்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ரோட்டுக்கு அடியில் ஓடைக்குக் குழாய் பதித்தார்கள். புதுக் காத்தாடிகளும் வந்தன. செல்லப்பாண்டி தேர்தலில் நின்று தோற்றார். பொய்யன் என்று சொல்லியே தோற்கடித்தார்கள். பவித்ரா பிளஸ் டூவை எங்கள் பள்ளியிலேயே முடித்து, இப்போது மதுரையில் படிக்கிறாள்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். தவறாகப் பேசுகிறவனுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துப் பாடம் நடத்தாதீர்கள், பலருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் அப்படிச் சொல்கிறான் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அணி மாறிப் பேசுவதுதான் பெரிய வித்தை என்று நான் நினைத்திருந்தேன். சொந்த அணியிலேயே நின்றுகொண்டு, சொந்தக்காரர்கள் காது கேட்க, நம் பக்கம் சொன்னது பொய் என்று சொல்வது அதைவிடக் கஷ்டம். அதற்கு என்னிடம் பாடத்திட்டம் இருக்கவில்லை. அந்தப் பிள்ளை அந்தப் பாடத்தைத் தன் அப்பாவுக்கே நடத்திவிட்டாள்.