அலாபியன் எழுதாமல் விட்டது

காஸாவுக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசிக்கும் வேலை அலாபியனுக்கு. நல்ல குரல், நல்ல மனசு, துணிச்சல் மட்டும் மருந்துக்குக்கூடக் கிடையாது. எது வந்தாலும், மணல்மேட்டு அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்ட துறவிக்கு எழுதிக் கேட்பான். பருப்புக் கஞ்சியில் ஆசை வந்தாலும் எழுதுவான், வாசிக்கும்போது கொட்டாவி வந்தாலும் எழுதுவான். துறவி யாருக்கும் முகம் காட்டமாட்டார். சீடர் கையில் பதில் மட்டும் வரும்.

விதவைகளுக்குக் கோயில் கொடுக்கும் எண்ணெயை, அதைப் பங்கிடும் திருத்தொண்டர் ஒபோதியன் தன் மருமகன் கடைக்கு அனுப்புவதை அந்தக் குளிர்காலத்தில் அலாபியன் கண்ணால் பார்த்தான். ஜாடி பாதிதான் நிறைகிறது என்று மர்த்தானா என்ற விதவை வாய்விட்டுச் சொன்னாள். உடனே ஒபோதியன் அவளைக் குடிகாரி என்றான், கோயில் உதவியை நிறுத்தச் சொன்னான். விசாரிக்க, வட்டாரக் கோயில்களுக்கெல்லாம் தலைவரான ஆயர் வருவதாக இருந்தது. அவளுக்கு வேறு நாதியில்லை. சாட்சி அலாபியன் ஒருவன்தான்.

பேசலாமா என்று கேட்கத்தான் துறவிக்கு எழுத உட்கார்ந்தான். ஆனால் துறவிக்கு எழுதுகிறவர்கள் தங்கள் மனசின் அழுக்கை மட்டுமே எழுதுவார்கள். அடுத்தவன் குற்றத்தை எழுதினால் அது கோள் சொல்வதாம். அதனால், ஒபோதியன் பெயரைச் சொல்லாமல், ஒரு சகோதரன் மேல் தனக்குத் தீராத கோபம் என்று மட்டும் எழுதினான். அவனைவிட நீ பெரிய பாவி என்று நினைத்துக்கொள், மௌனமாக இரு, அழு என்று பதில் வந்தது.

ஆயர் கேட்டபோது அலாபியன் மௌனமாக இருந்தான், அழவும் செய்தான். அந்தக் கண்ணீர் ஆயருக்குப் பிடித்துப்போய்விட்டது. இவ்வளவு தாழ்மையானவனை கோயில் பதவியில் ஒரு படி உயர்த்தலாம் என்றார். மர்த்தானாவுக்கு உதவி நின்றது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் அவள் பிச்சையெடுக்கக் காஸாவுக்குக் கிளம்பினாள். அலாபியன் பின்னாலேயே ஓடி, துறவியின் பதிலைத் தன் நல்ல குரலில் வாசித்துக் காட்டினான்.

“பெரியவர் சொல்லத் தட்ட முடியலக்கா.”

“நல்லாத்தான் சொல்லியிருக்காரு. நீ எழுதினதுல எண்ணெய் பத்தி இருந்துச்சா?”

இல்லை என்றான்.

“என்னைப் பத்தி?”

அவன் கடிதத்தைச் சுருட்டத் தொடங்கினான்.

“கதவ அடைச்சுக்கிட்டு உள்ள இருக்குற மனுசனுக்கு, நான் ஒருத்தி இருக்குறது எப்படித் தம்பி தெரியும்?”