மணி மாமாவுக்கு முன்வரிசையிலிருந்து

நான் போன கச்சேரிகளிலேயே சிறந்தது, திருவனந்தபுரம் கோட்டைக்குள் நடந்த ஒரு வீணைக் கச்சேரி. ஆனால் வீணையை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த அடுத்த வீட்டு மணி மாமா, போனை உயர்த்திப் பிடித்து மங்களம் வரை படமெடுத்தார்.

"மறைக்கறது மாமா," என்றேன்.

"பாட்டு காதால கேக்கறதுக்கல்லோ? கண்ணு எதுக்கு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சென்ற மாதம் அவர் மகளின் முதல் வீணைக் கச்சேரி. எல்லோரையும் வரவேற்றுவிட்டு மாமா இரண்டாம் வரிசையில் அமர்ந்ததும், நான் அவருக்கு நேர் முன்னால் போய் உட்கார்ந்து டேப்லெட்டை உயர்த்தினேன்.

"கொஞ்சம் கீழே தாத்தும்மா, கொழந்தை தெரியலை."

"காதால கேட்டாப் போராதோ மாமா?"

மகள் அருமையாக வாசித்தாளாம். நான் கவனிக்கவில்லை. முன்கேமராவில் அவர் முகத்தையே படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது டேப்லெட் இல்லாமல் கச்சேரிக்குப் போவதில்லை. அதைக் கண்டதும் மாமா போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுகிறார்.