எதிரிக்கு எங்கள் வீட்டுப் பல்

என் கொழுந்தன் பத்திரிகையில் கார்ட்டூன் போடுகிறவன். என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி, எங்கள் மாடியறையில்தான் இருந்தான். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு மனசில்லை.

போர் வந்ததும் அவன் காட்டில் மழை. எதிரி நாட்டுக்காரர்களைத் தினமும் வரைய வேண்டும். சிப்பாயை மட்டுமல்ல, அந்த இனத்தையே, கைக்குழந்தை உட்பட. அவர்களில் ஒருத்தரைக்கூட அவன் கண்ணால் கண்டதில்லை. அதனால் என்ன? சவரக் கண்ணாடியை மேசைமேல் சாய்த்து வைத்து, உதட்டை மேலே இழுத்து, கண்ணைச் சுருக்கி, பல்லைக் காட்டுவான். தெரிவதை இரண்டு பங்கு பெரிதாக்கி, பின்னால் ஒரு வாலையும் ஒட்டிவிடுவான். தூக்கலான முன்பல்லும் இடுங்கின கண்ணும் கொழுந்தன் குடும்பத்துச் சொத்து. மாமியார் அதை அவனுக்குக் கொஞ்சமும் என் வீட்டுக்காரருக்கு நிறையவும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஊரே அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தது. பொய் சொல்வானேன், முதல் வாரம் நானும் சிரித்தேன்.

அப்புறம் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. பயந்துபோய் மாடியேறினேன். "அந்த மூஞ்சிய மாத்திடுங்க தம்பி. உங்க அண்ணன எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க" என்றேன். வாசகர்களுக்குப் பழகிவிட்ட முகமாம், மாற்றினால் ஆசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டாராம். நாளைக்கு அண்ணன்மேல் யாராவது கை வைத்தால் என்று கேட்டேன். நான் எதையும் ஊதிப் பெரிசாக்குகிறவளாம். யார் சொல்வது பாருங்கள்.

பத்தாம் நாள் ரயில் நிலையத்தில் நாலு பேர் அவரை உளவாளி என்று பிடித்து அடித்தார்கள். நம் பாஷையிலேயே கெஞ்சியிருக்கிறார். எவ்வளவு நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று அதற்கும் இரண்டு விழுந்திருக்கிறது. இடது கண் மூடிப்போய் வீடு வந்து சேர்ந்தார். கொழுந்தன் ஓடி வந்து, அண்ணன் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்கூடக் கலங்கினான். இனியாவது விட்டுவிடுவான் என்று நானும் மடச்சி மாதிரி நம்பினேன்.

மறுநாள் பத்திரிகையில் எதிரிக்கு இடது கண் வீங்கியிருந்தது. இமை மடிந்த விதம், கீழே கன்றிப்போன இடம், ஒன்றும் தப்பவில்லை. 'நம்ம அடி எப்படி?' என்று அடியில் எழுதியிருந்தது.

என் வீட்டுக்காரர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து அப்படித் திருப்பித் திருப்பிப் பாத்தானே, இதுக்குத்தானா?" என்றார்.

நான் மாடியேறி அவன் துணிமணியை, பெட்டியை, மேசையை ஒவ்வொன்றாகத் தெருவில் எறிந்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை.