மாவிஸ் உடைத்த ஐம்பது தோட்டாக்கள்

வெடிமருந்து விஷயத்தில் மாவிஸ் ஹோல்ட்கிராஃப்டோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் சோட்டோ ஊரில் யாரும் இல்லை. மான்டானாவின் இந்தப் பக்கம் மலையும் கரடியும் எவ்வளவு உண்டோ, அவ்வளவு துப்பாக்கியும் உண்டு. துப்பாக்கிக்கு இரண்டு வீதம் அபிப்பிராயமும் உண்டு. மாவிஸுக்கு மட்டும் ஒரே அபிப்பிராயம். மேக்னம் என்ற வலுவான ரக ரிவால்வரில் கனமான ஈயக் குண்டைப் போட்டால் மெல்ல எரியும் மருந்துதான் போட வேண்டும். கனத்த குண்டைத் தள்ள வேண்டும், உதைக்கக் கூடாது என்பாள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் வைத்திருந்தாள். மெல்ல எரியும் மருந்து தோட்டாவின் பித்தளைக் கூட்டை முக்கால்வாசி நிரப்பிவிடும். கைதவறி இரண்டாவது தடவை ஊற்றினால் வழிந்து மேசையெல்லாம் கொட்டும், தப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும். சட்டென்று எரியும் மருந்தோ கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரட்டை அளவு போட்டாலும் வாயை மூடிக்கொண்டு உள்ளே இருக்கும். சுடும்போதுதான் பேசும். அது பேசினால் ரிவால்வரும் மிஞ்சாது, விரலும் மிஞ்சாது.

மாவிஸ் பண்ணையில் பிறந்தவள். இருபத்தாறு வயதில் எம்மெட்டைக் கட்டிக்கொண்டாள். அவன் டிராக்டர் உதிரிபாகம் விற்பவன், பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்துகிறவன். பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் அவள் பஸ் ஓட்டுவாள். இலையுதிர்காலத்தில் மலைக்குள் வேட்டை முகாமில் சமைப்பாள். சமைக்கப் போன மூன்றாம் வருஷம், அவள் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருக்கும்போதே கரடி ஒன்று கூடாரத்துக்குள் வந்து, பன்றித் தொடையைத் தூக்கிக்கொண்டு நிதானமாகப் போனது. அடுத்த வாரமே ரிவால்வர் வாங்கினாள். கடைத் தோட்டா பிடிக்கவில்லை. கார்ச் சக்கரத்தில் எடைக்கு மாட்டும் பழைய ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, சூடாக இருக்கும்போதே தண்ணீரில் போட்டுக் கெட்டியாக்கி, தானே நிரப்பக் கற்றுக்கொண்டாள். துப்பாக்கி கிளப்பில் இருந்த ஆம்பளைகள் ஆளுக்கொரு விதமாக அவளுக்குப் பாடம் எடுத்தார்கள். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுத் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தோட்டா ஒன்றுகூடச் சொதப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இன்னொருவர் கையால் நிரப்பிய தோட்டாவை யாரும் சுடுவதில்லை. பெற்ற அப்பன் நிரப்பியதானாலும் சரி. இந்த வழக்கத்தை மீறிய ஒரே ஆள் எம்மெட்டின் தம்பி ராய்ஸ். முகாமுக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறவன். அண்ணி நிரப்பியது என்றால் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான்.

போன செப்டம்பரில் அந்த ராய்ஸ் ஒரு மருந்து டப்பாவோடு வந்து நின்றான். வசந்தகாலத்தில் கழுதை தள்ளிவிட்டதில் மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்திருந்தார்கள்.

"அண்ணி, உங்க தோட்டா சுட்டா என் கை கழண்டு வந்துரும் போல இருக்கு. இந்த மருந்துல கொஞ்சமாப் போட்டுக் குடுங்க. குண்டு அதே கனமா இருக்கட்டும், உதை மட்டும் கம்மியா இருந்தாப் போதும்."

மாவிஸ் டப்பாவைப் பார்த்தாள். சட்டென்று எரியும் ரகம்.

"இதை என் மேசை மேலயே வைக்க மாட்டேன். எடுத்துட்டுப் போ."

"கரடி வந்தா உங்க பேரைச் சொல்லிக் கும்பிடவா?"

"கும்பிடு. அதுக்காவது அந்தக் கை உதவட்டும்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவன் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. சரி, ஒரே ஒரு தடவை என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐம்பது குழிப் பலகையில் ஐம்பது கூடுகளை நிறுத்தி, வரிசையாக மருந்து ஊற்றினாள். மூன்றாவது வரிசையில் இருக்கும்போது எம்மெட் வாசலிலிருந்து கத்தினான்.

"மாவிஸ்! ராய்ஸோட கழுதை நம்ம வேலியைத் தாண்டிருச்சு!"

ஓடிப்போய் விரட்டிக் கட்டிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் கத்தல், மறுபடியும் ஓட்டம். திரும்பி வந்து மீதியை முடித்தாள். விளக்கைப் பிடித்து எல்லாக் கூட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குண்டுகளை அழுத்தினாள். அவள் மருந்தாக இருந்தால் அந்த ஒரு பார்வை போதும். இது அவள் மருந்து இல்லை. இருட்டான கூட்டின் அடியில் கிடக்கும் மருந்து ஒற்றையா இரட்டையா என்று நிதானமாகக் குனிந்து பார்க்க வேண்டும். கை பழகிய வேகத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. ராய்ஸ் வந்து தோட்டா டப்பாவை வாங்கிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை மிச்ச மருந்தை எடை போட்டாள். வேலைக்கு முன்னாலும் பின்னாலும் எடை போடுவது அவள் பழக்கம். ஐம்பது அளவு குறைந்திருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தொன்று குறைந்திருந்தது. மேசை, தரை, மருந்தளக்கும் கருவியின் மூலைமுடுக்கு என்று எல்லா இடத்தையும் துழாவினாள். சிந்தியதாக ஒரு துகளும் இல்லை. அப்படியானால் ஏதோ ஒரு தோட்டாவில் இரட்டை அளவு இருக்கிறது.

ராய்ஸ் முகாமுக்குக் கிளம்பியிருந்தான், மலைக்குள் போன் எடுக்காது. பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு நாற்பது மைல் விரட்டினாள். வழியெல்லாம் ராய்ஸின் கைதான் கண்ணில் நின்றது. ஒன்று ஏற்கெனவே உடைந்த கை. இன்னொன்றும் போனால்? "அவ நிரப்பினது" என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். அவன் கை இருந்தால் போதும்.

மலைப் பாதை தொடங்கும் இடத்தில் ராய்ஸ் கழுதைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, உப்பு குடுத்தனுப்ப மறந்துட்டீங்களா?"

"சுட்டியா?"

"எதை?"

"வாயை விடாம பதில் சொல்லு. ஒண்ணாவது சுட்டியா?"

"இல்ல. ரிவால்வர்ல ஆறு, மிச்சம் டப்பாவுல."

"எல்லாத்தையும் குடு. தப்பு பண்ணிட்டேன். ஒண்ணுல இரட்டை அளவு விழுந்திருக்கு."

ராய்ஸ் சிரித்தான். "நீங்களா? தப்பா? இதை முதல்ல நாலு பேருக்குச் சொல்லணுமே!"

"அப்புறம் சொல்லு. இப்பக் குடு."

"தராசுல வெச்சா கனமா இருக்கறது தெரியாதா?"

"கையால வார்த்த குண்டுடா. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அந்த வித்தியாசத்துக்குள்ள ஒரு அளவு மருந்து தாராளமா ஒளிஞ்சுக்கும்."

அவள் கையோடு கொண்டுவந்திருந்த, சுத்தியல் போன்ற பிளாஸ்டிக் கருவியில் தோட்டாவை மாட்டி மரக்கட்டையில் ஓங்கி அடித்தால், குண்டும் மருந்தும் கழன்று விழும். ஒவ்வொன்றாக அடித்து, மருந்தை ஒரு சின்ன மூடியில் கொட்டி அளவு பார்த்தாள்; பாதி மூடிதான் வந்தது. பதினான்காவது தோட்டாவில் மூடி நிறைய விழுந்தது. ராய்ஸ் சீட்டியடித்தான்.

"கெடச்சிருச்சு. போதும் அண்ணி, மிச்சத்தைக் குடுங்க. பொழுது ஏறுது."

"அம்பதையும் பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

"ஒண்ணுதானே கூடப் போச்சுன்னீங்க? அந்த ஒண்ணுதான் வந்துருச்சே!"

மாவிஸ் அடித்துக்கொண்டே இருந்தாள். இருபத்தேழாவதில் மறுபடியும் மூடி நிறைந்தது. ராய்ஸ் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். இரண்டு இரட்டை என்றால் கணக்கு உதைக்கிறதே என்று அவள் நினைத்தாள். நாற்பத்தொன்றாவதை அடித்தாள். குண்டு மட்டும் விழுந்தது. மருந்தே இல்லை.

வெறும் தோட்டாவைச் சுட்டாலும் அடியிலுள்ள தீமூட்டியின் சின்ன உந்தலில் குண்டு குழலுக்குள் பாதி வழி போய்ச் சிக்கிக்கொள்ளும். கரடி முன்னால் நிற்கும்போது யாரும் குழலை எட்டிப் பார்க்க மாட்டார்கள், அடுத்ததைத்தான் சுடுவார்கள், குழல் வெடித்துவிடும்.

"கழுதையைக் கட்டிட்டு முதல் தடவை வந்தப்ப ரெண்டு குழி பின்னாடி போயி மறுபடியும் ஊத்திட்டேன். ரெண்டாவது தடவை ஒண்ணை ஊத்தாமலே தாண்டிட்டேன்" என்றாள் மாவிஸ். "தராசு ஒரு தப்புன்னு சொல்லுச்சு. மூணு இருந்திருக்கு."

ஐம்பது வரைக்கும் அடித்து முடித்தாள். கழுதைகள் காத்து நின்றன.

"இனிமே உனக்கு நான் நிரப்ப மாட்டேன் ராய்ஸ். வழக்கம்னு ஒண்ணைச் சும்மாவா வெச்சிருக்காங்க? உன்னோடதை நீயே நிரப்பிக்கோ."

"நானா? நானா இருந்தா பதினாலோட நிறுத்தியிருப்பேன்."

அவன் எட்டி அவள் இடுப்புப் பட்டையிலிருந்து ஆறு தோட்டாக்களை உருவினான். அவளுடைய மருந்து, அவள் நிரப்பியது. ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் ரிவால்வரில் போட்டு மூடி, உறையில் செருகிக்கொண்டு கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனான். மாவிஸுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.